காட்டுக்குள் ஒரு கண்

தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் பல ஆண்டுகள் பணியாற்றும் வனக்காவலர் ஒருவர், ஒருமுறைகூடப் புலியை நேரில் காணாமலேயே பணி ஓய்வு பெறக்கூடும். சேற்றில் பதிந்த காலடித் தடத்தை அவர் பார்த்திருப்பார். மரப்பட்டையில் நகங்கள் கீறிய கோடுகளைத் தொட்டுப் பார்த்திருப்பார். பாதி தின்ற காட்டுப்பன்றியின் உடலைக் கடந்து சென்றிருப்பார். ஆனால், அந்தத் தடத்தைப் பதித்த புலி பெரும்பாலும் அவருடைய கண்ணில் படாது. மனிதனின் காலடி ஓசை கேட்டதும் அது புதருக்குள் ஒதுங்கி, அவர் கடந்து செல்லும் வரை அசையாமல் நின்றுவிடும். மலேசிய மழைக்காட்டின் அடர்த்தியான செடிகொடிகளுக்கிடையே பத்து மீட்டர் தொலைவில் நிற்கும் புலியையும் காண்பது அரிது.

கண்ணில் படாத ஒரு விலங்கை எப்படி எண்ணுவது? இது வெறும் புதிர்க்கேள்வி அன்று. ஒரு காட்டில் எத்தனை புலிகள் உள்ளன என்று தெரியாவிட்டால், அவை பெருகுகின்றனவா குறைகின்றனவா என்பதும் தெரியாது. குறைகின்றன என்பது தெரிய வரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில் உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் அப்படித்தான் நடந்தது.

அக்காலத்தில் இந்தியாவில் புலிகளைக் காலடித் தடங்களைக் கொண்டே கணக்கிட்டனர். வனத்துறைப் பணியாளர்கள் தடத்தின்மீது கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் வடிவத்தை வரைந்துகொள்வர். சில நேரங்களில் தடத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றி அச்சு எடுப்பர். பிறகு, அந்த வடிவங்களை ஒப்பிட்டு, ‘இது ஒரு புலி, அது வேறொரு புலி’ என்று முடிவு செய்வர். இம்முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒரே புலி ஈர மணலில் நடந்தால் ஒரு வடிவமும், இறுகிய மண்ணில் நடந்தால் வேறொரு வடிவமும் பதியும். வரைபவரின் கைப்பழக்கமும் வடிவத்தை மாற்றிவிடும். ஆகவே, ஒரு புலி இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணப்பட வாய்ப்பு இருந்தது. சரிஸ்காவில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகப் பதிவேடுகள் கூறிவந்தன. 2005-ஆம் ஆண்டில் நன்கு தேடிப் பார்த்தபோது, அங்கே ஒரு புலியும் இல்லை. வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டிருந்தனர். ஏட்டில் மட்டும் புலிகள் உலவிக்கொண்டிருந்தன. இச்செய்தி வெளியானபின் இந்திய அரசு காலடித் தடக் கணக்கெடுப்பைக் கைவிட்டு, வேறொரு முறைக்கு மாறியது. அதுவே தானியங்கிப் படக்கருவி முறையாகும்.

ஆய்வாளர்கள் இக்கருவியைக் ‘கேமராப் பொறி’ என்று அழைக்கின்றனர். பொறி என்ற பெயர் இருந்தாலும், இது விலங்கைப் பிடித்து வைப்பதில்லை. அதன் உருவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விலங்கைப் போக விட்டுவிடுகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இரவில் ஒளி வீசிக் காட்டு விலங்குகளைப் படம் எடுத்தார். விலங்கு தன் காலால் ஒரு கம்பியை இழுத்தால் படக்கருவி தானாகவே இயங்கும்படியும் அவர் அமைத்தார். அவருடைய படங்கள் 1906-ஆம் ஆண்டில் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழில் வெளிவந்து பலரை வியப்பில் ஆழ்த்தின. 1920-களில் வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சேம்பியன், இதே முறையில் காட்டுப் புலிகளைப் படம் பிடித்தார். உடன் பணியாற்றியவர்களில் பலர் துப்பாக்கியுடன் புலியைத் தேடிய காலத்தில், அவர் படக்கருவியுடன் தேடினார். எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு புலியின் உடலிலும் வரிகள் வெவ்வேறு விதமாக அமைந்திருப்பதை அவர் கவனித்தார்.

மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, அப்படியே புலிக்கு அதன் வரிகள். எந்த இரண்டு புலிகளுக்கும் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதுமட்டுமின்றி, ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும்கூட வேறுபடும். சேம்பியன் கவனித்த இந்த உண்மை, பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் கணக்கெடுப்புக்குப் பயன்பட்டது. கர்நாடக மாநிலத்தின் நாகரஹொளே காட்டில் ஆய்வு செய்த அறிவியலாளர் உல்லாஸ் காரந்த், படக்கருவிகளில் பதிவான வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார். அவற்றின் எண்ணிக்கையைக் கணித முறையில் மதிப்பிட்டு, 1995-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகின் பல நாடுகளில் புலி ஆய்வாளர்கள் பின்பற்றுவது அந்த வழியைத்தான்.

இக்கருவி ஏறக்குறைய ஒரு மதிய உணவுப் பெட்டியின் அளவில் இருக்கும். மழைநீர் புகாத உறைக்குள் படக்கருவி, மின்கலங்கள், நினைவக அட்டை, உணர்வி ஆகியவை அடங்கியிருக்கும். இவற்றில் உணர்வியே முக்கியமானது. எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்துக்கேற்ப, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. காட்டின் பின்னணியைவிட வெப்பம் மிகுந்த ஓர் உடல் கருவியின் முன்னே நகரும்போது, உணர்வியின்மீது விழும் கதிர்களின் அளவு சட்டென்று மாறுகிறது. அந்த மாற்றமே படக்கருவியைத் தட்டி எழுப்புகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் படம் பதிவாகிவிடுகிறது. நாளும் நேரமும் படத்தின் ஓரத்தில் பதிகின்றன.

வெப்பமும் அசைவும் சேர்ந்தால்தான் இந்த உணர்வி விழித்துக்கொள்ளும். அதனால்தான் குளிர்இரத்த உயிர்களான பாம்பும் உடும்பும் இந்தப் படங்களில் அவ்வளவாகத் தென்படுவதில்லை. நண்பகலில் காட்டின் வெப்பம் விலங்கின் உடல் வெப்பத்தை நெருங்கும்போது உணர்வி சற்றுத் தடுமாறும். மாறாக, வெயிலில் சூடேறிய ஒரு பெரிய இலை காற்றில் ஆடினால், அதையும் விலங்கென்று எண்ணிப் படம் எடுத்துத் தள்ளிவிடும். ஆய்வாளர் ஒருவர் மூன்று வார நடைக்குப் பிறகு ஆவலுடன் நினைவக அட்டையைத் திறக்கும்போது, ஆயிரம் படங்களிலும் ஒரே வாழையிலை ஆடிக்கொண்டிருப்பதைக் காண நேரிடலாம். கருவியைப் பொருத்தும்போதே அதன் முன்னுள்ள செடிகளை வெட்டி ஒதுக்குவது இதற்காகத்தான்.

இருட்டில் படம் எடுக்க ஒளி வேண்டும். வெண்ணிற ஒளி வீசும் கருவியில் வரிகள் தெளிவாகவும் வண்ணத்திலும் பதியும். ஆனால், திடீரென வீசும் வெளிச்சம் சில விலங்குகளை மிரளச் செய்யும். கருவி இருக்கும் இடத்தைத் திருடனுக்கும் காட்டிக்கொடுக்கும். அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் கருவியில் படம் கறுப்பு வெள்ளையாக இருக்கும். ஆனால், அந்த ஒளி மனிதக் கண்ணுக்கு எளிதில் தெரியாது. எதைத் தெரிவு செய்வது என்பது ஆய்வின் தேவையைப் பொறுத்தது.

கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் ஆய்வின் வெற்றி தோல்வி அடங்கியுள்ளது. காடு முழுவதும் கண்டபடி மாட்டி வைத்தால் புலி அகப்படாது. பேராவில் உள்ள பெலும்–தெமெங்கோர் காட்டில் இதற்கு ஒராங் அஸ்லி மக்களின் அறிவு பெரிதும் துணைசெய்கிறது. அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஜஹாய், தெமியார் இனத்தவர் விலங்குகளின் தடங்களைப் புத்தகம்போல் படிக்க வல்லவர்கள். புலி புதர்களுக்குள் முட்டி மோதிக்கொண்டு நடப்பதை விரும்புவதில்லை. யானைகள் நடந்து உருவாக்கிய பாதைகள், மலைமுகட்டுத் தடங்கள், கைவிடப்பட்ட மரவெட்டுச் சாலைகள் ஆகியவற்றையே அது விரும்பி நடக்கிறது. மனிதர்களைப் போலவே அதற்கும் நல்ல பாதை பிடிக்கும் போலும்.

அத்தகைய பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு மரங்களில் இரண்டு கருவிகள் கட்டப்படுகின்றன. ஒன்று புலியின் இடப்பக்கத்தையும் மற்றொன்று வலப்பக்கத்தையும் ஒரே நேரத்தில் படம் எடுக்கும். ஒரு கருவி மட்டும் இருந்தால் குழப்பம் வரும். திங்கட்கிழமை பதிவான இடப்பக்கமும் வியாழக்கிழமை பதிவான வலப்பக்கமும் ஒரே புலியுடையவையா, இரண்டு புலிகளுடையவையா என்று எவராலும் கூற முடியாது. கருவியின் உயரம் புலியின் உடலுக்கு நேராக, ஏறக்குறைய மனிதனின் முழங்கால் அளவில் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் ஆய்வாளர் ஒருவர் கைகளையும் கால்களையும் ஊன்றிப் புலியைப் போல் அதன் முன்னே தவழ்ந்து செல்வார். கருவி அவரைப் படம் எடுத்தால், புலியையும் எடுக்கும் என்று பொருள். பல ஆய்வுகளின் முதல் படத்தில் இருப்பது வியர்வையில் நனைந்த ஒரு மனிதரே.

பிறகு அந்த இடத்தை விட்டு அனைவரும் நீங்கிவிடுவர். அதன்பின் கருவி பல இன்னல்களைத் தனியே சந்திக்க வேண்டும். மழைக்காட்டின் ஈரம் மெல்ல உள்ளே புகுந்து மின்சுற்றுகளை அரிக்கும். எறும்புகள் உள்ளே கூடு கட்டும். எல்லாவற்றிலும் பெரிய எதிரி யானை. தன் பாதையில் புதிதாக ஒரு பொருள் இருப்பதைக் கண்டால் யானைக்குப் பொறுக்காது. துதிக்கையால் தடவிப் பார்க்கும், பிடித்து இழுக்கும், பெயர்த்தெடுத்து மிதித்தும் விடும். உடைந்த கருவியின் நினைவக அட்டையில் கடைசியாகப் பதிந்திருப்பது பெரும்பாலும் ஒரு துதிக்கையின் நுனியாகவே இருக்கும். யானைக்குத் தப்பும் கருவிகளில் சிலவற்றைத் திருடர்கள் எடுத்துச் சென்றுவிடுகின்றனர். அவற்றில் அவர்களுடைய முகமும் பதிந்திருக்கும் என்பதே காரணம்.

சரி, படங்கள் கிடைத்துவிட்டன. பதிவான புலிகளை எண்ணிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா? முடியாது. படத்தில் வராத புலிகளும் காட்டில் இருக்கும். அவற்றையும் எப்படிக் கணக்கில் சேர்ப்பது? இதற்கு ஒரு பாட்டில் கொண்டைக்கடலை இருந்தால், வகுப்பறையிலேயே விடை காணலாம்.

பாட்டிலில் எத்தனை கடலைகள் உள்ளன என்பது யாருக்கும் தெரியாது. முதலில் 50 கடலைகளை எடுத்து, அவற்றில் மையால் ஒரு புள்ளி வைத்து, மீண்டும் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு 60 கடலைகளை எடுக்க வேண்டும். அவற்றில் 12 கடலைகளில் புள்ளி இருப்பதாகக் கொள்வோம். 60-இல் 12 என்பது ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால், பாட்டிலிலும் ஐந்தில் ஒரு பங்குக் கடலைகளில்தான் புள்ளி இருக்க வேண்டும். புள்ளி வைத்தவை 50. ஆகவே மொத்தக் கடலைகள் ஏறக்குறைய 250. பாட்டிலைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணாமலேயே விடை கிடைத்துவிடுகிறது.

மீன்களையும் வாத்துகளையும் கணக்கிட அறிவியலாளர்கள் நெடுங்காலமாக இம்முறையைப் பயன்படுத்தி வந்துள்ளனர். மீனைப் பிடித்து அடையாளம் இட்டு, மீண்டும் நீரில் விடுவர். புலிக்கு அடையாளம் இட யாரும் அருகில் போக வேண்டியதில்லை. இயற்கையே அதன் உடலில் வரிகளால் அடையாளம் இட்டு வைத்துள்ளது. ஒரு காட்டில் முதல் மாதம் 8 புலிகள் படத்தில் பதிவாகின்றன. அடுத்த மாதம் 9 புலிகள் பதிவாகின்றன. அந்த ஒன்பதில் 6 புலிகள் முதல் மாதமே பார்த்தவை என்று வைத்துக்கொள்வோம். எட்டை ஒன்பதால் பெருக்கி ஆறால் வகுத்தால் 12 கிடைக்கும். நேரில் படத்தில் கண்டவை 11 புலிகள் மட்டுமே. ஒருமுறையும் அகப்படாத புலி ஒன்று எங்கோ இருக்கக்கூடும் என்று கணக்கு சொல்கிறது.

உண்மையான ஆய்வு இவ்வளவு எளிதன்று. பாட்டிலைக் குலுக்கிவிட்டால் எல்லாக் கடலைக்கும் சம வாய்ப்புக் கிடைக்கும். காட்டைக் குலுக்க முடியாது. ஆண்புலி பரந்த நிலப்பகுதியில் சுற்றுவதால் பல கருவிகளில் அகப்படும். பெண்புலி சிறிய எல்லைக்குள் வாழ்வதால், அதன் எல்லைக்குள் கருவி ஏதும் இல்லையெனில் இறுதிவரை மறைந்தே இருக்கும். ஆகவே, எந்தப் பெண்புலியின் எல்லையும் விடுபடாதவாறு கருவிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். ஆய்வு ஆண்டுக்கணக்கில் நீண்டால் இடையில் சில புலிகள் பிறக்கும், சில இறக்கும், சில வேறு காட்டுக்குப் போய்விடும். எனவே, இரண்டு மூன்று மாதங்களுக்குள் அதை முடித்துவிட வேண்டும். எந்தக் கருவியில் எந்தப் புலி எப்போது பதிவானது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளியியல் முறைகள் இன்று வந்துவிட்டன. வரிகளை ஒப்பிடக் கணினி நிரல்களும் உள்ளன. ஆயினும், ‘இதுவும் அதுவும் ஒரே புலிதான்’ என்ற இறுதி முடிவை மனிதக் கண்ணே பெரும்பாலும் உறுதி செய்கிறது.

இந்த உழைப்பின் அளவை அறிய இந்தியாவின் 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டன. அவை 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தன. அவற்றில் 76,651 படங்களில்தான் புலி இருந்தது. மற்றவை மான்கள், பன்றிகள், மனிதர்கள், மாடுகள், ஆடும் இலைகள். உலகின் மிகப் பெரிய படக்கருவிக் கணக்கெடுப்பு என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அது இடம்பெற்றது.

மலேசியாவில் புலிகள் தீபகற்பப் பகுதியில் மட்டுமே வாழ்கின்றன. சபா, சரவாக் காடுகளில் இல்லை. அண்டை நாடான சிங்கப்பூரில் கடைசிக் காட்டுப் புலி 1930-ஆம் ஆண்டில் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது. மலேசியத் தேசியச் சின்னத்தில் இரு பக்கமும் நின்று கேடயத்தைத் தாங்குபவை புலிகளே. எனவே, நாட்டின் அடையாளமான இவ்விலங்கு எத்தனை எஞ்சியுள்ளது என்பதை அறிய வேண்டிய தேவை இங்கு அதிகம்.

1990-களின் இறுதியில் தாமான் நெகாராவில் ஜப்பானிய ஆய்வாளர் கே கவானிஷி படக்கருவிகளைக் கொண்டு புலிகளை ஆராய்ந்தார். 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவில் ஏறக்குறைய 52 முதல் 84 புலிகள் வாழக்கூடும் என்பது 2004-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின் மதிப்பீடு. ஒரு கருவி ஓர் இரவு காட்டில் விழித்திருந்தால் அதை ஒரு ‘பொறியிரவு’ என்று கணக்கிடுவர். இந்த ஆய்வில் அத்தகைய பொறியிரவுகள் 14,000-ஐத் தாண்டின. நாகரஹொளேயைப் போன்ற, மான்கள் நிறைந்த இந்தியக் காடுகளோடு ஒப்பிட்டால் மழைக்காட்டில் புலிகள் மிகக் குறைவாகவே இருக்கும். மழைக்காட்டின் பசுமை பெரும்பாலும் மர உச்சியில் உள்ளது. தரையில் மேயும் விலங்குகளுக்குத் தீனி குறைவு. இரை குறைந்தால் புலியும் குறையும்.

1950-களில் தீபகற்ப மலேசியாவில் 3,000 புலிகள் இருந்ததாக அடிக்கடி எழுதப்படுகிறது. அந்த எண் படக்கருவிகள் வருவதற்கு முன் செய்யப்பட்ட ஊகமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2008-ஆம் ஆண்டில் தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம் வகுக்கப்பட்டபோது, ஏறத்தாழ 500 புலிகள் இருப்பதாகக் கருதப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக்குள் அதை 1,000 ஆக உயர்த்துவதே திட்டத்தின் இலக்கு. 2014-ஆம் ஆண்டில் எஞ்சியவை 250 முதல் 340 வரையே இருக்கும் என்று கூறப்பட்டது. உண்மையை அறிய முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பு 2016-ஆம் ஆண்டில் தொடங்கியது. ‘பெர்ஹிலித்தான்’ எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை அதற்குத் தலைமை ஏற்றது. அரசு சாரா அமைப்புகள் கைகொடுத்தன. பெலும்–தெமெங்கோர், தாமான் நெகாரா, எண்டாவ்–ரொம்பின் ஆகிய பெருங்காடுகளிலும் பிற காடுகளிலும் கருவிகள் வைக்கப்பட்டன. 2020 வரை நீடித்த அந்தப் பணியின் முடிவு அனைவரையும் திடுக்கிட வைத்தது. 1,000 புலிகள் இருக்க வேண்டிய ஆண்டில், 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருந்தன.

இந்தக் குறைவுக்கான காரணங்களையும் அதே படங்கள் ஓரளவு காட்டுகின்றன. கருவி புலியை மட்டுமா எடுக்கிறது? அதன் முன் யார் நடந்தாலும் எடுக்கும். சருகுமான், காட்டுப்பன்றி, தாப்பிர், சூரியக் கரடி, படைச்சிறுத்தை, நீண்ட வாலை இழுத்துக்கொண்டு நடக்கும் ஆர்கஸ் பறவை எனக் காட்டின் வருகைப் பதிவேடே அதில் அடங்கியுள்ளது. அந்தப் பதிவேட்டில் புலியின் சிறந்த இரையான கடமான் பல காடுகளில் அரிதாகவே தென்படுகிறது. ஒரு புலி வாரம் ஒருமுறையேனும் பெரிய இரை ஒன்றை உண்ண வேண்டும். கடமான் இல்லாத காட்டில் அது காட்டுப்பன்றியையே பெரிதும் நம்பியிருக்க வேண்டியதாகிறது. அண்மை ஆண்டுகளில் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் கொன்றது.

சில படங்களில் முதுகுப்பையுடன் மனிதர்கள் நடக்கின்றனர். ‘ஜெராட்’ எனப்படும் கம்பிச் சுருக்கைக் காட்டுப் பாதைகளில் வைக்கும் சட்டவிரோத வேட்டைக்காரர்கள் இவர்கள். மிதிவண்டித் தடைக்கம்பி போன்ற மெல்லிய உலோகக் கம்பியே அவர்களது ஆயுதம். விலை மலிவு, செய்வது எளிது, ஒரே நாளில் பலவற்றை வைத்துவிடலாம். சுருக்கில் கால் மாட்டிய புலி இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். அறுத்துக்கொண்டு தப்பினாலும் அந்தக் காலை இழந்துவிடும். வேட்டையாடும் ஆற்றலும் அதனுடன் போய்விடும். எந்தப் பாதையில், எந்த மாதத்தில் வேட்டைக்காரர்கள் அதிகம் நடமாடுகின்றனர் என்று கருவிகள் காட்டுவதால், ரோந்துக் குழுக்களை அங்கே அனுப்ப முடிகிறது.

புலியைத் தவிர இந்நாட்டில் இன்னொரு பெரும்பூனையும் உண்டு. அதை எண்ணுவது புலியை எண்ணுவதைவிடக் கடினமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சிறுத்தையின் உடலில் உள்ள புள்ளிகள் நன்கு தெரியும்; அவற்றைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம். ஆனால், மலாய் தீபகற்பத்தில் உள்ள சிறுத்தைகள் ஏறக்குறைய அனைத்தும் கருஞ்சிறுத்தைகள். உலகில் வேறு எங்கும் இவ்வாறு இல்லை. பகலில் எடுத்த படத்தில் ஒரு கரிய உருவம் மட்டுமே தெரியும். பத்துப் படங்கள் இருந்தால், அவை பத்துச் சிறுத்தைகளா, பத்து முறை நடந்த ஒரே சிறுத்தையா என்று சொல்ல முடியாது.

கருஞ்சிறுத்தையின் உடலில் புள்ளிகள் இல்லாமல் இல்லை. கறுப்புக்குள் கறுப்பாக அவை மறைந்துள்ளன. இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்களில் அந்தப் புள்ளிகள் தெளிவாகத் தெரிவதை ஆய்வாளர்கள் கவனித்தனர். ஆனால், சிறுத்தை பகலிலும் நடமாடுகிறது. பகலில் கருவி அகச்சிவப்பு ஒளியை வீசாது. இருட்டா வெளிச்சமா என்று அறிய அதில் ஒரு சிறிய ஒளியுணர்வி உள்ளது. வெளிச்சம் இருந்தால் அது விளக்கை அணைத்துவிடும். திரங்கானுவின் கென்யிர் பகுதியில் ஆய்வு செய்த குழுவினர் இதற்கு மிக எளிய ஒரு வழி கண்டனர். ஒளியுணர்வியை மூடி மறைத்துவிட்டனர். நண்பகலிலும் இரவென்றே எண்ணி ஏமாந்த கருவி, அகச்சிவப்பு ஒளியை வீசியது. கரிய உடலில் புள்ளிகள் வரிசையாக வெளிப்பட்டன. கிடைத்த படங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் எந்தச் சிறுத்தை என்று அவர்களால் அடையாளம் காண முடிந்தது. 2015-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, அப்பகுதியில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று சிறுத்தைகள் வாழ்ந்தன. பல ஆண்டுகள் விடை காணாத கேள்விக்கு, சிறு துளை ஒன்றை மூடியதும் விடை கிடைத்தது.

வாழிடத்தைப் பற்றிய ஆய்வுக்கும் இதே கருவிகள் உதவுகின்றன. கென்யிர்ப் பகுதியில் காட்டை ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலையில், விலங்குகள் கீழே கடந்து செல்வதற்காக உயர்ந்த பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. பேராவின் கெரிக் நகரையும் கிளந்தானின் ஜெலி நகரையும் இணைக்கும் சாலையிலும் இத்தகைய பாலம் உண்டு. பொறியாளர்கள் பாலம் கட்டியதை விலங்குகள் அறியுமா? எந்த விலங்கு அதைப் பயன்படுத்துகிறது, எது அஞ்சித் திரும்பிவிடுகிறது என்பதைப் பாலத்தின் அடியில் உள்ள கருவியே கூறும்.

படக்கருவிக்கு எட்டாதவையும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் திரங்கானுவின் டுங்குன் பகுதியில் ஒரு புலி பகலில் கிராமத்துக்குள் நடந்து வந்தது. மனிதர்களைக் கண்டு அது மிரளவில்லை, தள்ளாடியபடி இருந்தது. பிடித்துச் சிகிச்சை அளித்தும் சில நாள்களில் இறந்துபோனது. நாய்களுக்கு வரும் ‘டிஸ்டெம்பர்’ என்னும் நச்சுயிரி அதன் உடலில் இருந்தது பின்னர் தெரியவந்தது. வரிகளைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியால், வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் நோயைப் பார்க்க முடியாது. இரத்த மாதிரியும் ஆய்வுக்கூடமும் அதற்கு வேண்டும்.

இப்போது அதே நாட்டில் 150-க்கும் குறைவான புலிகளுக்காக நூற்றுக்கணக்கான கருவிகள் காத்திருக்கின்றன. சில வாரங்களுக்கு ஒருமுறை ஆய்வாளர்கள் மின்கலங்களைச் சுமந்துகொண்டு, ஆறுகளைக் கடந்து, அட்டைகளைக் காலிலிருந்து பிடுங்கி எறிந்தபடி அவற்றைத் தேடிச் செல்கின்றனர். முகாமுக்குத் திரும்பியதும், விளக்கு வெளிச்சத்தில் மடிக்கணினியைச் சுற்றி அனைவரும் கூடுவர். இலை, பன்றி, இலை, யானை, மீண்டும் இலை என்று படங்கள் நகரும். திடீரென ஒரு பெண்புலியும், அதன் பின்னே இரண்டு குட்டிகளும் திரையில் தோன்றினால் களைப்பெல்லாம் பறந்துபோகும்.

அத்தகைய படங்களில் சில பிறகு நாளிதழ்களில் வெளியாகும். புலி எந்தப் பெருங்காட்டில் காணப்பட்டது என்பது செய்தியில் இருக்கும். எந்தப் பாதையில், எந்த ஆற்றின் அருகில் என்பது மட்டும் இருக்காது. வெளியிடுவதற்கு முன்பே இடக் குறிப்பைப் படத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். செய்தித்தாளை வேட்டைக்காரர்களும் படிக்கிறார்கள்.